அல்சூர் தாண்டியதும் வலது பக்கம்

பாலக்கரை, திருச்சி
10 நவம்பர் 2025

அன்புள்ள மௌரீனக்கா,

உனக்கும் மதருக்கும் மடத்திலுள்ள எல்லாருக்கும் தோத்திரம். இந்த ஈரத்துக்கு உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். கொல்லைப் பக்கத்து முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, வேறு சேதமில்லை.

கம்பெனியில் என்னைப் பெங்களூருக்கு அனுப்புகிறார்கள். நாலு வாரம். மருந்துக் கிடங்கின் இருப்பையெல்லாம் புது சாப்ட்வேருக்கு மாற்றுகிறார்களாம். முப்பத்தேழு வயதில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டும். போகட்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். தம்பி லாயிட் அங்கேதானே இருக்கிறான்? போன ஈஸ்டருக்கு உன்னைப் பார்க்க வந்தபோது, கிராதிக்கு அந்தப் பக்கம் உன் ஜெபப் புத்தகத்தில் ஒரு கவர் செருகியிருந்தது. கோழி கிளறினாற்போன்ற எழுத்து நம் வீட்டில் ஒருவனுக்குத்தான். பெங்களூர் முத்திரையும் பார்த்தேன். அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது அக்கா. என் நிச்சயதார்த்தத்தன்று அவன் குடித்துவிட்டு வந்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் வம்புக்கு நின்றது தப்புதான். ஆனால் ஊரே பார்க்கக் கோயில் வாசலில் வைத்து, "இனிமே செத்தாலும் என் முகத்துல முழிக்காதே" என்று நான் சொன்னேனே, அதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டான். அம்மா அடக்கத்துக்கு வந்தவன் கல்லறை மதிலுக்கு வெளியே நின்றான். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இவனைக் கூப்பிடாததுதான் வருத்தம்.

அவன் விலாசத்தைக் கொடு. நேரில் போய் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சிந்தியா


தியான மடம்
17 நவம்பர் 2025

பிரியமுள்ள சிந்தியா,

சேசுவுக்கே புகழ். உன் கடிதம் வந்த அன்று நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன். முட்டி பரவாயில்லை. பெங்களூரில் குளிரும், அம்மாவின் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துப்போ.

ஆமாம், அவன் எனக்கு எழுதுகிறான். நாலு வருஷமாக. குடியை விட்டு அஞ்சு வருஷம் ஆகிறதாம். சிந்தியாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தால்தான் தொடர்ந்து எழுதுவேன் என்றான். செய்து கொடுத்தேன். இப்போது நீ கேட்கிறாய் என்பதற்காக அதை உடைக்க எனக்குத் தைரியமில்லை. அவனிடமே கேட்டு அனுமதி வாங்கித் தருகிறேன்.

நலமாக இருக்கிறான் என்று எழுதப் பேனா கூசுகிறது. அவனுக்காக ஜெபித்துக்கொள்.

இன்னொன்று. முப்பதாம் தேதி ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. உனக்குத் தெரிந்ததுதான், அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. வருகிறவை மதரின் மேஜை அறையில் கிடக்கும். பிறப்பு விழா காலையில்தான் கைக்கு வரும். அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

ஜெபத்தில் உன்னை வைத்திருக்கும்,
உன் அக்கா


ஆஸ்டின் டவுன், பெங்களூர்
25 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். கம்பெனி விருந்தினர் அறை ஆஸ்டின் டவுனில். இறங்கின அன்றே மூக்கு ஒழுகுகிறது, அம்மா ஸ்வெட்டர் இல்லாவிட்டால் தொலைந்தேன். நீ எப்படி இருக்கிறாய்?

பேனா ஏன் கூசுகிறது? சாப்பாட்டுக்குக் கஷ்டமா, உடம்புக்கா? உன் சத்தியத்தை நீ வைத்துக்கொள். இதை மட்டும் சொல்லு.

இந்த ஊரில் வேலை செய்வதைவிட வேலைக்குப் போய்ச் சேர்வதுதான் பெரிய வேலை. ஆட்டோ பிடித்து ட்ரினிட்டி ஸ்டேஷன். காலை எட்டேகால் மெட்ரோ. முதல் பெட்டி பெண்களுக்கு. அதில் வலது பக்க ஜன்னலோரம் நின்றுகொள்வேன், உட்கார இடம் என்பதெல்லாம் கனவு. குந்தலஹள்ளி வரை முக்கால் மணி நேரம் ஒருத்தி பையும் இன்னொருத்தி முழங்கையும் விலாவில். பக்கத்தில் ரக்ஷா என்று எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி வருகிறாள். பெங்களூரிலேயே பிறந்தவள், தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறாள். "அக்கா, பேக்கை முன்னாடி போட்டுக்கங்க, இல்லன்னா இறங்கோவாக பேஜார் ஆயிடும்" என்கிறாள், இறங்கும்போது தொல்லையாம்.

நவம்பர் முடியவில்லை, அதற்குள் ஊர் பூராவும் கிறிஸ்துமஸ். ஆபீஸ் வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு மரம், அதில் ஒரு குருவி உட்கார இடமில்லாமல் பந்து. பிரிகேட் ரோட்டில் தெருவுக்குக் குறுக்கே விளக்குத் தோரணம். நீங்கள் அங்கே பீடத்தில் பூகூட வைக்காமல் காத்திருப்பீர்கள், இவர்கள் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டில் ஆட்டுகிறார்கள்.

டிசம்பர் இருபதாம் தேதி ஊருக்குக் கிளம்புகிறேன். அவனைச் சீக்கிரம் கேள்.

அன்புடன்,
சிந்தியா


தியான மடம்
28 நவம்பர் 2025

பிரியமுள்ள சிந்தியா,

சேசுவுக்கே புகழ். சளிக்கு மிளகு ரசம் குடி.

அவனுக்கு இன்றே எழுதிப் போட்டுவிட்டேன். நீ வந்திருப்பது, எட்டேகால் வண்டி, முதல் பெட்டி, வலது பக்கம், இருபதாம் தேதி கிளம்புவது, எல்லாம் உன் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். நீ அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வருகிறாய் என்பதையும்.

நாளை மறுநாள் மௌனம் தொடங்குகிறது. அவன் பதில் பிந்தி வந்தாலும், அவசரம் என்றால் மதரிடம் கேட்டு வாங்கலாம். கடவுள் பார்த்துக்கொள்வார்.

உன் அக்கா


ஆஸ்டின் டவுன்
5 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் மேஜை அறையில் தூங்கப்போகிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல? சளி விட்டது. உன் ரசம்தான்.

ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் அறைக்கு வந்ததும், எனக்கு ஏதாவது கடிதம் உண்டா என்று வாட்ச்மேனைக் கேட்கிறேன். "இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் நான் கேட்ட் திறக்கும்போதே தலையை ஆட்டிவிடுகிறார்.

ரயிலில் எனக்கு ஒரு சினேகிதம் கிடைத்திருக்கிறது. ஒரு ஸ்டார். அல்சூர் ஸ்டேஷன் தாண்டியதும் வலது பக்கம், ஜோகுபாளையம் வீடுகளின் மாடிகள் நம் காலடியில் ஓடும். அதில் ஒரு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சிவப்புக் காகிதத்தில் ஆள் உயர ஸ்டார். கடையில் வாங்கினதில்லை, கையால் கட்டினது. ஒரு கால் குட்டை. லாயிட் பள்ளிக்கூட நாளில் கட்டுவானே, அப்பா "என்னடா நொண்டி நட்சத்திரம்" என்பாரே, அது மாதிரியே. பட்டப்பகலில் உள்ளே பல்பு எரிகிறது. அணைக்க மறந்துவிடுகிறார்கள்போல.

அதன் பக்கத்தில் குரங்குக் குல்லா, கம்பளி சகிதம் ஒல்லியாக ஒரு மனிதர் நிற்கிறார். போகிற ரயிலுக்கெல்லாம் கை காட்டுகிறார். திங்கட்கிழமை முதல் பார்க்கிறேன், தினமும் நிற்கிறார்.

லாயிட் என்ன சொன்னான்?

சிந்தியா


ஆஸ்டின் டவுன்
12 டிசம்பர் 2025

அக்கா,

சுகமா என்று கேட்பதற்கே கோபம் வருகிறது. புதன்கிழமை மடத்துக்குப் போன் செய்தேன். வெளிவாசல் சிஸ்டர் எடுத்தார்கள். "திருவருகைக் காலம் முடியட்டும்மா. சாவுச் செய்தின்னா மட்டும் உள்ள சொல்லுவோம். அப்படி ஏதாவதா?" என்றார்கள். இல்லை என்றேன். "அப்ப கர்த்தருக்குத் தோத்திரம்" என்று வைத்துவிட்டார்கள். நல்ல மடம், போ.

நானே தேடுகிறேன். ஞாயிறன்று சிவாஜிநகர் கோயிலில் இரண்டு பூசைக்கும் வாசலில் நின்று ஆண்கள் முகமாகப் பார்த்தேன். பிறகு பிரிகேட் ரோட்டுக்குப் போனேன். தலைக்கு மேலே நீலமும் வெள்ளையுமாக விளக்கு, கீழே தலைகள். இத்தனை வெளிச்சத்தில் ஓர் ஆள் அகப்படமாட்டானா என்று தோன்றியது. அவனுக்கு இப்போது தலை வழுக்கையா, நரையா, அதுகூடத் தெரியாமல் தேடுகிறேன். ஒருவன் காதைப் பார்த்து அவன்தான் என்று தோளைத் தொட்டுவிட்டேன். திரும்பினால் கொங்கணிக்காரர். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் குல்லாக்காரர் இன்னும் கை காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பெட்டியில் எல்லாருக்கும் அவர் ஒரு வேடிக்கை. "யாருக்குக்கா காட்றாரு?" என்றாள் ரக்ஷா. "ஓடிப்போன பெண்டாட்டிக்கா இருக்கும்" என்றேன். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு நாள் அல்சூரில் இறங்கி அந்த ஸ்டாரைக் கிட்டே போய்ப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். ஒன்பது மணிக்கு ஆபீஸ் மெஷினில் விரல் வைக்காவிட்டால் அரை நாள் லீவு போட்டுவிடுவார்கள். திரும்பும்போது இருட்டிவிடுகிறது, கூட்டத்தில் நான் எதிர்ப் பக்கம் மாட்டிக்கொள்கிறேன்.

எட்டு நாள்தான் இருக்கிறது அக்கா.

சிந்தியா


ஆஸ்டின் டவுன்
19 டிசம்பர் 2025

அக்கா,

பெட்டி கட்டிவிட்டேன். நாளை காலை கிளம்புகிறேன். வேலை முடிந்தது, வந்த வேலை முடியவில்லை. ஒருவேளை அவன் வேண்டாம் என்று எழுதியிருப்பான், அதை எப்படிச் சொல்வது என்று நீ தவிக்கிறாய். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். சொல்லியிருந்தாலும் தப்பில்லை, நான் சொன்னதற்கு அதுதான் பதில்.

புதன்கிழமை என்ன தோன்றியதோ, நானும் அந்தக் குல்லாக்காரருக்குக் கை காட்டினேன். அவரைப் பற்றி அப்படிப் பேசிச் சிரித்தது உறுத்திக்கொண்டே இருந்தது. எதிர்வெயில் கண்ணாடியில் அடித்தது, அவருக்குத் தெரிந்திருக்காது.

நேற்று அவரும் இல்லை, ஸ்டாரும் எரியவில்லை. இன்றைக்கும் எரியவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசலில் இன்று காலை ஷாமியானா போட்டு, நாற்காலி இறக்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு இப்போதே பந்தல் போட்டுவிட்டார்கள் என்று ரக்ஷாவிடம் காட்டினேன். "ஜோகுபாளையத்துல எல்லாம் ஜோர்தான்க்கா" என்றாள்.

ஊரிலிருந்து எழுதுகிறேன். உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

சிந்தியா


தியான மடம்
27 டிசம்பர் 2025

என் தங்கமே சிந்தியா,

பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு இதைப் படி.

லாயிட் இறந்துவிட்டான். டிசம்பர் பதினெட்டு, வியாழன் காலை ஆறு மணிக்கு. இரண்டு வருஷமாக அவனுக்குக் கிட்னி போய்விட்டிருந்தது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதைத்தான் எழுதக் கூசினேன். அவன் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் ஸ்வர்ணாம்மா, அவன் அலமாரியில் என் கடிதங்களைப் பார்த்து மடத்து விலாசத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அது இருபத்துநாலாம் தேதி வந்து, மற்றதோடு சேர்ந்து அறைக்குள் போய்விட்டது. பிறப்பு விழா காலையில் எல்லாம் ஒரே கட்டாகக் கைக்கு வந்தது. உன் மூன்று கடிதங்களும்தான்.

பங்குச் சாமியார் வந்து நல்லபடி அடக்கம் செய்தார்களாம். நேற்று அவனுக்காக இங்கே பூசை வைத்தார்கள். உனக்குப் போனில் சொல்ல மதர் அனுமதி கொடுத்தார். எனக்குக் குரல் வரவில்லை. இதற்கு மேல் எழுதவும் வரவில்லை.

அக்கா


பாலக்கரை, திருச்சி
6 ஜனவரி 2026

அக்கா,

மூன்று ராஜாக்கள் திருநாள் இன்று. கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்கவில்லை, அப்படியே கிடக்கிறது. சமைக்கவில்லை, ஆபீஸுக்கும் போகவில்லை.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். அதில் இல்லாததுதான் கண்ணில் படுகிறது. ஸ்வர்ணாம்மாவின் வீடு எந்த ஏரியா? நீ எழுதவில்லை. எந்தக் கல்லறை? எழுதவில்லை. அவன் உனக்குப் பதில் போட்டானா, போட்டான் என்றால் என்றைக்கு வந்தது? எழுதவில்லை. பதினேழு வருஷமாக எனக்கு எழுதுகிற உனக்கு விலாசம் எழுதத் தெரியாதா?

நான் எதை நினைத்துப் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். என் மூன்று கடிதங்களையும் நீ படித்திருக்கிறாய். அந்த ஷாமியானாவை நான்தான் ரக்ஷாவிடம் விரல் நீட்டிக் காட்டினேன்.

ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது.

சிந்தியா


தியான மடம்
14 பிப்ரவரி 2026

சிந்தியா,

சுகம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை. உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வரும் புதன் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கினால் அந்தச் சாக்கில் இன்னும் நாற்பது நாள் ஒளிந்துகொள்வேன் என்று எனக்கே தெரிந்தது. அதனால் இன்று எழுதுகிறேன்.

ஆமாம். ஜோகுபாளையம். அந்த மாடி. அந்தக் குல்லாக்காரன். அந்தப் பந்தல்.

அவன் பதில் டிசம்பர் நாலாம் தேதியே வந்துவிட்டது. மேலே சிவப்பு மையில் "அவசரம்" என்று எழுதியிருந்தான். மதர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "பெங்களூர்ல இருந்து வந்திருக்கு. அவசரம்னு போட்டிருக்கு. வாங்கிக்கிறியாம்மா?" என்று கவரைக் கையில் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். "தம்பி உடம்பு தேறணும்னு இந்த ஒறுத்தலை ஒப்புக்கொடுத்திருக்கேன் மதர், பிறப்பு விழா வரைக்கும் எந்தக் கடிதமும் தொடமாட்டேன்" என்றேன். நான் ஆசையாகக் காத்திருந்தது அந்த ஒரு கவருக்குத்தான். அதனால்தான் அதையே கொடுத்தேன். பெரிதாகக் கொடுத்தால் பெரிதாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். மதர் இன்னொரு தடவையும் கேட்டார். பெருமையாக இருந்தது எனக்கு, சிந்தியா. அதையும் எழுதிவிடுகிறேன்.

மடத்தைத் திட்டாதே. மடம் கையில் கொடுத்தது. நான்தான் வாங்கவில்லை.

ஸ்வர்ணாம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். தினமும் எட்டரைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து, "இன்னிக்குப் பார்த்திருப்பா ஸ்வர்ணாம்மா" என்பானாம். அந்தப் புதன்கிழமையும் அதைத்தான் சொன்னானாம். எல்லா நாளும் சொன்னதால் அன்றைக்கு மட்டும் ஏதாவது தெரிந்து சொன்னானா என்று அவருக்கும் தெரியவில்லை. வீட்டு விலாசமும் கல்லறை எண்ணும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவன் கடிதத்தை இத்துடன் வைக்கிறேன். இது உனக்கு வந்தது. நான் வைத்திருக்கக் கூடாது.

இந்தத் தவக்காலத்தில் உன் கடிதம் ஏதாவது வந்தால் அன்றைக்கே வாங்கிக்கொள்வேன் என்று மதரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வராமலும் போகலாம்.

மௌரீன்


ஜோகுபாளையம், பெங்களூர்
1 டிசம்பர் 2025

பெரியக்காவுக்கு,

உன் லெட்டர் இன்னிக்கு மத்தியானம்தான் வந்துச்சு. உடம்பு அப்படியே இருக்கு. செவ்வா, வியாழன், சனி மெஷின். மத்த நாள் நல்லாத்தான் நடக்குறேன், கவலைப்படாதே. ஸ்வர்ணாம்மா உப்பில்லாம சமைச்சுக் கொடுத்து உயிரை எடுக்குறாங்க.

சின்னக்கா வந்திருக்கான்னு படிச்சதும் ஸ்வர்ணாம்மாவைக் கூப்பிட்டு மறுபடி படிச்சுக் காட்டினேன். உடனே அவகிட்ட என் விலாசத்தைக் கொடு. என் போன் நம்பரும் கொடு. எந்த நாள்னாலும் வரட்டும். சாப்பாடு இங்கதான்னு சொல்லு, ஸ்வர்ணாம்மாகிட்ட சொல்லிட்டேன், அவளுக்கு உப்பு போட்டுத் தனியா வைப்பாங்க. என் மூஞ்சியைப் பார்த்து பயந்துடப் போறா, ரொம்ப இளைச்சிருக்கேன்னு முன்னாடியே சொல்லி வை.

ஒரு வேடிக்கை கேளு. எட்டேகால் வண்டி எங்க மாடிக்குப் பக்கத்துலதான் போகுது. இன்னிக்குக் காலைலதான், சும்மா பொழுது போகாம, மாடில ஸ்டார் கட்டி வண்டிக்குக் கை காட்டிக்கிட்டு நின்னேன். அதுல அவ இருந்திருக்கா. மத்தியானம் லெட்டரைப் படிச்சிட்டு அப்படியே படில உக்காந்துட்டேன். உன் பதில் வர வரைக்கும் தினமும் பல்பைப் போட்டு வெச்சுட்டு நிப்பேன். முதல் பெட்டி, வலது பக்கம். வண்டி சரியா எதுன்னு தெரியாது, அதனால எட்டுலேர்ந்து எட்டரை வரைக்கும் எல்லா வண்டிக்கும் காட்டிடுறேன்.

அவ சொன்ன வார்த்தையை நான் மறந்துட்டேன்னு சொல்லு. மறக்கல. ஆனா அப்படியே சொல்லு.

நீ பதில் போடுற வரைக்கும் அந்த வார்த்தையையும் மீற மாட்டேன் பெரியக்கா. மாடிலேர்ந்து வண்டிக்கு நல்ல தூரம். அங்கேர்ந்து பார்த்தா என் முகம் தெரியாது.

லாயிட்